முதல் டம்ளர் அவளுக்கு

கறிக்கடைக்காரனின் தாடையை உடைத்தது ஒரு மிக்ஸி ஜார். கனமான கண்ணாடி ஜார். உள்ளே பாதிக்குக் கீரையும் வாழைப்பழமும் அரைத்தது. அதைப் பிடித்திருந்த கை அவன் பெண்டாட்டியுடையது.

அவனுடைய ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், இப்படியே கறியும் கொழுப்புமாகத் தின்றுகொண்டிருந்தால் நெஞ்சு ஒரு நாள் நின்றுவிடும், கீரை, காய், பழம் என்று ஏதாவது கொஞ்சம் உள்ளே போகட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தழையைத் தின்ன நான் என்ன ஆடா என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டு வந்தான் அவன். சரி, மெல்லத்தானே கஷ்டம், குடிக்கட்டும் என்று அவள் அந்த மிக்ஸியை வாங்கி வந்தாள். பழுத்த வாழைப்பழம், ஒரு கைப்பிடி கீரை, பால், நாலு பேரீச்சம்பழம். டம்ளரில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். அவன் அதை எடுத்து, அவசரமே படாமல், அவள் தலையில் கவிழ்த்தான்.

அதோடு விட்டிருந்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தலையில் சோறு, வெந்நீர் எல்லாம் விழுந்து பழகியவள் அவள். ஆனால் அவனுக்கு அதோடு விட மனசு வரவில்லை. முடியைக் கொத்தாகப் பிடித்து அவள் முகத்தைச் சமையல் மேடையில் மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டிப் பச்சையோடு கலந்தது. மறுபடி மோதினான். அடுத்த மோதலுக்காக முடியை இழுத்து அவளைப் பின்னால் வளைத்தபோது, மேடையைத் துழாவிய அவள் கை ஜாரின் கைப்பிடியில் போய் முட்டியது. அவள் யோசிக்கவே இல்லை. இடுப்போடு சேர்த்துத் திரும்பி ஒரே வீச்சு. ஜார் சிதறியது. தாடை உடைந்த சத்தம் கறிக்கடையில் எலும்பு வெட்டுகிற கட்டையில் தினமும் கேட்கிற சத்தம்தான். அவன் முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் முதலில் வந்தது.

ஆஸ்பத்திரியில், துண்டில் ரத்தமும் ஒரு பல்லும் துப்பிக்கொண்டே, "படியில விழுந்துட்டேன்" என்று குழறினான். பெண்டாட்டி அடித்தாள் என்று ஊருக்குச் சொல்வதைவிடச் செத்துப்போவது மேல் என்று நினைக்கிற ரகம்.

நர்ஸ் அவளுடைய வீங்கிய மூக்கைப் பார்த்தாள். "நீங்களுமா?"

"ஆமா சிஸ்டர். படிதான்."

நர்ஸுக்கு அவளை ஏற்கனவே தெரியும். முன்கை எலும்பு விரிசல் விட்டபோதும், விலா வீங்கி மூச்சு வாங்க முடியாமல் வந்தபோதும், சுண்டுவிரல் ஒடிந்தபோதும் கட்டுப் போட்டது இந்த நர்ஸ்தான். ஒவ்வொரு தடவையும் இதே படி. இத்தனை வருஷமாக அவளையே தள்ளிவிட்டுக்கொண்டிருந்த அந்தப் படிக்கட்டுக்கு இப்போதுதான் ஆள் மாறியிருந்தது.

அவன் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பி போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார்கள். எலும்பு கூடும்வரை வாயைத் திறக்க முடியாது. எல்லாம் உறிஞ்சிக் குடிப்பதுதான். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் அவளைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னாள்.

"எதைக் குடுத்தாலும் நல்லா அரைச்சு, சல்லடையில வடிகட்டித்தான் குடுக்கணும். ஒரு நார், ஒரு விதை இருக்கக் கூடாது, பல்லிடுக்குல அடைச்சுக்கும். பால், ஊறவச்ச ஓட்ஸ், வாழைப்பழம், வேர்க்கடலை, வேகவச்ச கேரட், கீரை. உடம்பு இளைச்சுப் போகாம பாத்துக்கங்க. சாராயம், பிராந்தி, அந்தப் பக்கமே போகக் கூடாது. வாந்தி வந்துச்சுன்னா வெளிய போக வழி இல்ல. மூச்சுக்குழல்ல எறங்கிடும்."

பிறகு கம்பி வெட்டுகிற சின்னக் குறடு ஒன்றை அவள் கையில் வைத்தாள். "இது எப்பவும் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும். அந்த மாதிரி மூச்சு அடைச்சா கம்பிய வெட்டி விட்ருங்க. யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க."

அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பிசிறு வெட்டுகிறவள். அங்கே நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வதுதான் எல்லோருக்கும் வழக்கம். இதையும் அப்படியே ஒரு கயிற்றில் கோத்து மாட்டிக்கொண்டாள்.

வாயைக் கட்டினால் மனுஷன் அடங்குவான் என்று யாராவது நினைத்தால் அவர்கள் இவனைப் பார்த்ததில்லை. கட்டிய பல்லுக்கு நடுவிலிருந்து சீறலாக வார்த்தை வந்தது. "கம்பி அவிழட்டும்டி. அன்னைக்கு இருக்கு உனக்கு." காலையில் அதுதான் முதல் பேச்சு, படுக்கும்போது அதுதான் கடைசிப் பேச்சு. மாலையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கத்திகளை ஒவ்வொன்றாகத் தோல் பையிலிருந்து எடுத்து, அவளைப் பார்த்தபடியே சாணைக்கல்லில் தீட்டினான். அவன் சும்மா மிரட்டுகிறவன் இல்லை, சொன்னால் செய்கிறவன். கம்பி அவிழ்கிற நாள் தன்னுடைய கடைசி நாள் என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. எங்கே ஓடினாலும் இவன் தேடி வந்து வெட்டுவான் என்று பயந்தே அவள் ஓடாமல் இருந்தாள்.

அந்தக் கத்திப் பையை அவள் தொடக் கூடாது. ஒரு தடவை தரையைத் துடைக்க அதைக் கொஞ்சம் தள்ளி வைத்ததற்குத்தான் சுண்டுவிரலைப் பின்பக்கமாக மடக்கி ஒடித்தான். அந்த விரல் இன்னும் நேராகவில்லை.

ஆனால் அவனுக்கும் பயம் வந்திருந்தது. இது புதுசு. புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் ஜாரில் அவள் முதல் நாள் ஓட்ஸும் வாழைப்பழமும் அரைத்து வடிகட்டிக் கொடுத்தபோது, அவன் டம்ளரை மோந்து பார்த்தான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், பிறகு அவள் பக்கம் தள்ளினான்.

"நீ குடி மொதல்ல."

"உங்களுக்குப் போட்டதுங்க."

"விஷம் வச்சிருக்க மாட்டேன்னு என்ன நிச்சயம்? குடி. முழுசா."

குடித்தாள். அவள் கீழே விழுந்து துடிக்கிறாளா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவன் தன் பங்கைக் குடித்தான். அன்றிலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. முதல் டம்ளர் அவளுக்கு.

கல்யாணமான நாளிலிருந்து மிச்சம் மீதியைத் தின்று நின்றவாக்கில் வயிற்றை நிரப்பியவள் அவள். இப்போது மூன்று வேளையும் ஒரு முழு டம்ளர், அதுவும் புருஷன் அதட்டி! ஊறவைத்த ஓட்ஸும் பேரீச்சையும் காலையில். வேர்க்கடலையை வறுத்துத் தோல் ஊதிப் பாலும் பழமும் சேர்த்து மதியத்துக்கு. வேகவைத்த கேரட்டும் கீரையும் பருப்புத் தண்ணீரும் ராத்திரிக்கு. எது எதோடு சேரும், எதில் பழத்தைக் குறைத்தால் திகட்டாது என்று அவளுக்குக் கை பிடிபட்டுவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, ருசியாகவே இருந்தது. எழுந்தால் வருகிற தலைசுற்றல் நின்றுபோனது. துணிமூட்டையை மூச்சு வாங்காமல் தூக்கினாள். "என்னடி, கன்னம் பளபளங்குது, விசேஷமா?" என்று தொழிற்சாலையில் பக்கத்து மேசைக்காரி கேலி பேசினாள். அவளைக் கொல்லப் போகிறவனே அவளுக்குத் தீனி போட்டு வளர்த்துக்கொண்டிருந்தான். கறிக்கடைக்காரனுக்கு அது தொழில்தானே என்று நினைத்து அவள் தனியாகச் சிரித்தும் கொண்டாள்.

ஒரு நாள் அவன் கண் அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கிய குறடு மேல் நின்றது.

"அத கழட்டு."

"நர்ஸு என்னத்தான் வச்சிருக்கச் சொன்னாங்க. அவசரத்துக்கு—"

அறை விழுந்தது. காதுக்குள் குய்யென்று சத்தம் அடங்குவதற்குள் கயிற்றைப் பிடித்து இழுத்தான். அது அறுகிறவரை அவள் பின்கழுத்தை வெட்டிக்கொண்டு வந்தது. "என் உசுரு உன் கழுத்துல தொங்கணுமா? அவ்வளவு இளிச்சவாயன் இல்லடி நான்." அதைத் தோல் பையில் கத்திகளுக்கு நடுவில் போட்டு வாரை இறுக்கினான். அவள் சாகும்வரை தொடாத ஒரே இடம் அதுதான் என்பது அவனுக்குத் தெரியும். உலகத்திலேயே பத்திரமான இடத்தில் வைத்துவிட்ட திருப்தி அவன் முகத்தில் தெரிந்தது.

கம்பி அவிழ்க்கிற நாள் நெருங்கிய சமயம், ஒரு சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது வீடு முழுக்கப் பிராந்தி நாற்றம். கடையில் அவனோடு வேலை செய்கிற சொட்டைத்தலையன் வந்து போயிருக்கிறான். பாவம், நண்பன் வாய் வறண்டு கிடக்கிறானே என்று அவனுக்கு மனசு கேட்கவில்லை. ஆரோக்கியத்துக்கும் குறை வரக் கூடாது இல்லையா? மிக்ஸியில் வாழைப்பழம், ஓட்ஸ், வேர்க்கடலை எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுப் பாலுக்குப் பதில் பாட்டிலைச் சாய்த்திருக்கிறார்கள். ஜாரின் ஓரமெல்லாம் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. சல்லடை கழுவி வைத்த இடத்திலேயே காய்ந்து கிடந்தது. ஆம்பிளைகள் இரண்டு பேருக்கும் அது எதற்கென்றே தோன்றவில்லை.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க? வடிகட்டக்கூட இல்லியே!"

அவள் வாய் மூடுவதற்குள் அவன் எழுந்துவிட்டான். போதையில் கம்பி அவிழும்வரை காத்திருக்க அவனுக்குப் பொறுமை இல்லை. ஒரு கையால் அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரில் சாய்த்து அழுத்தினான். மறு கை வயிற்றில் குத்தியது, திரும்பவும் குத்தியது. அவள் அவன் மணிக்கட்டைப் பிறாண்டினாள். முழங்காலை மடக்கி அவன் தொடையில் உதைத்தாள். கண் இருட்டியது. அப்போது அவன் பிடி தானாகவே தளர்ந்தது.

அவன் வயிறு எக்கியது. கன்னம் இரண்டும் உப்பின. மூக்கு வழியாகக் கொழகொழவென்று கொஞ்சம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. ஓட்ஸ் கட்டிகள் பல்லிடுக்கையெல்லாம் அடைத்துக்கொண்டன. அவன் முட்டிபோட்டு விழுந்தான். இரண்டு கையாலும் வாயைப் பிய்த்தான், உதடு கிழிந்து ரத்தம் வந்ததே தவிரக் கம்பி அசையவில்லை. முகம் சிவந்து, அப்புறம் நீலமாக மாறியது. மூலையில் கிடந்த கத்திப் பையை நோக்கிக் கையை நீட்டி நீட்டிக் காட்டினான்.

அவள் தொண்டையைத் தடவிக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சும்மா நின்றால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அந்தச் சந்தோஷத்தைக் கண்டு அவளே பயந்தாள்.

"அந்தப் பைய நான் தொடலாமாங்க?" என்று கேட்டாள்.

அவன் தரையைத் தட்டினான்.

"கேக்கறேன்ல. தொடலாமா?"

அவன் தலையை ஆட்டினான். கண்ணீர் வழிய, விழி பிதுங்க, வேகவேகமாக ஆட்டினான். இத்தனை வருஷத்தில் அவள் கேட்டதற்கு அவன் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

இவன் இப்போது செத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்தது. பெண்டாட்டி பார்த்துப் பார்த்துக் கவனித்த நல்ல மனுஷனாகச் சாவான். படியில் விழுந்தவனாகவே சாவான். அவள் மாரில் அடித்துக்கொண்டு அழ வேண்டும், ஆயுசு முழுக்க அந்தப் பொய்யைக் கட்டிச் சுமக்க வேண்டும். இவனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

பையை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தாள். கத்திகள் தரையில் சிதறின. குறடு கைக்கு வந்ததும், அவன் அக்குளில் கை கொடுத்து அந்தக் கனத்த உடம்பைத் தூக்கி முன்பக்கமாகச் சாய்த்தாள். அவளால் தூக்க முடிந்தது. உதட்டை விரலால் விலக்கி ஒவ்வொரு கம்பியாக நறுக்கினாள். பிசிறு வெட்டுகிற கைக்கு அது ஒரு வேலையே இல்லை. கடைசிக் கம்பி அறுந்ததும் தாடை கோணலாகத் தொங்கியது. உள்ளே இருந்ததெல்லாம் அவள் மடியில் கொட்டியது. அவன் கர்ரென்று இரைந்து மூச்சை இழுத்தான்.

அவனைச் சுற்றிலும் கத்திகள் கிடந்தன. எலும்பு வெட்டுகிற பெரிய கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் எழுந்தாள்.

"கம்பி அவிழ்ந்திருச்சுங்க. என்னவோ இருக்குன்னு சொன்னீங்களே?"

பாதி கூடிய எலும்பு மறுபடி விட்டுப்போன வலியில் அவன் சுவரோடு சுவராக ஒடுங்கினான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவளுக்குப் பழக்கமான உட்கார்கிற விதம்தான் அது. பல வருஷம் அவள் உட்கார்ந்த மூலையும் அதேதான். அவள் கத்தியைக் கீழே வைக்காமலேயே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ். கட்டிலில் கிடந்தவனையும், கழுத்தில் விரல் தடம் பதிந்து நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "மறுபடியும் படியா?" என்று கேட்டாள். குரலில் கேள்வியே இல்லை.

"எங்க வீட்ல படியே கெடையாது சிஸ்டர். வாசல்லேருந்து கொல்லை வரைக்கும் ஒரே தரைதான்."

கட்டிலில் அவன் உறுமினான். அவள் நிறுத்தவில்லை. கை, விலா, விரல், மூக்கு, இன்றைக்குக் கழுத்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். ஜாரால் அடித்தது தான்தான் என்பதையும் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள். நர்ஸ் வாசலில் நின்ற காவலாளியைக் கூப்பிட்டுக் கட்டில் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, போலீஸுக்குப் போன் செய்தாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"இவருக்குத் திரும்பவும் கம்பி கட்டணும். கேஸு முடிஞ்சு வீட்டுக்கு வந்தா எல்லாம் அரைச்சுத்தான் குடிக்கணும். யாரு இருக்கா செஞ்சு குடுக்க?"

அவள் அவன் காதில் நன்றாக விழும்படி சொன்னாள். "ஓட்ஸ மொதல்லயே ஊறப் போடணும். வேர்க்கடலைய வறுத்துத் தோல ஊதிடணும். அரைச்சதும் சல்லடையில வடிகட்டணும், மறக்கக் கூடாது. மிக்ஸி மேடை மேலயே இருக்கு."

"அது சரிம்மா. யாரு செய்வா?"

போர்வைக்கு மேல் கிடந்த அவன் கைகளை அவள் பார்த்தாள்.

"அவரே செய்யட்டும். கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர். அதுக்கு நான் சாட்சி."