அவர் கணக்கில் என் நடை

என் கணவர் முப்பத்திரண்டு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உட்கார்ந்த இடத்திலிருந்தே கப்பல் சரக்கை இறக்கிய மனிதர், ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. தண்ணீர், செய்தித்தாள், மூக்குக்கண்ணாடி எல்லாம் அவர் நாற்காலியைத் தேடி வரவேண்டும். இந்த வீட்டில் கிரேன் நான்தான்.

சர்க்கரை ஏறி, கால் பெருவிரலில் புண் வந்து, அது ஆறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வெளியூரில் இருக்கும் மகள் ஒரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்பினாள். நடக்கிற அடிகளை அது எண்ணும். எண்ணிக்கை அவள் போனுக்குப் போய்விடும். மூன்று மாதத்தில் அப்பா நடக்கப் பழகாவிட்டால், தன் வீட்டுப் பக்கத்து முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவேன், அங்கே ஆள் வைத்து நடக்க வைப்பார்கள் என்றாள். சும்மா மிரட்டுகிற பெண் இல்லை. விண்ணப்பமே வாங்கி வைத்துவிட்டாள்.

முதல் நாள் நூற்றுப் பன்னிரண்டு அடி. அதிலும் பாதி குளியலறைக்கு.

கெஞ்சினேன், திட்டினேன், ஒருநாள் அடுப்பே பற்றவைக்காமல் இருந்து பார்த்தேன். நாளையிலிருந்து நடக்கிறேன் என்பார். அந்த நாளை எந்தக் கிழமையில் வரும் என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் முன்பின் தெரியாதவர்கள் மத்தியில் அவரை விட்டுவிட்டு நான் மட்டும் இந்த வீட்டில் இருப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஒரு காலையில் அந்தக் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டிக்கொண்டேன்.

புதிதாக எதுவும் செய்யவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து இறங்கிப் பால் வாங்கினேன். துணி காயப்போட மொட்டைமாடிக்கு ஏறினேன். அவர் கூப்பிட்டபோதெல்லாம் போனேன். சாயங்காலம் பார்த்தால் பதினோராயிரம் அடி! மகள் உடனே போன் செய்துவிட்டாள்.

"அம்மா, அப்பா பின்றாரும்மா."

பக்கத்திலிருந்து அதைக் கேட்டு அவர் கொஞ்சமும் வெட்கமில்லாமல் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் கழற்ற மனம் வரவில்லை. படுக்கும்போதும் கட்டிக்கொண்டே படுத்தேன்.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. மகள் கடிகாரக் கணக்கு முழுவதையும் டாக்டரம்மாவுக்கு அனுப்பியிருந்தாள். சர்க்கரையோ முன்பைவிட ஏறியிருந்தது. இவ்வளவு நடந்தும் இறங்கவில்லை என்றால் மாத்திரை போதாது, இன்சுலின் ஊசிதான் என்று டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார். நடக்காத மனிதருக்கு நடந்தவர் கணக்கில் மருந்து. இல்லத்துக்குப் போனாலும் பரவாயில்லை, உயிரோடு போகட்டும் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. பேனாவை வைத்துவிட்டு மறுபடியும் திரையைப் பார்த்தார். கடிகாரம் தூக்கத்தையும் எண்ணுமாம். தினமும் நாலு மணி நேரம், அதுவும் துண்டு துண்டாக. இந்த வயதில் இப்படி நடப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் இப்படித் தூங்கினால் உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்று என்னைக் கேட்டார். என் கணவர் காலில் புண் வந்த அன்றிலிருந்து என் உடம்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அதுவரை, என்ன சாப்பிட்டார், எத்தனை தடவை எழுந்தார் என்று அவரைப் பற்றிய கேள்விக்கெல்லாம் நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க சார். இவங்க எத்தனை மணிக்குத் தூங்குவாங்க?"

அவர் வழக்கம்போல என்னைப் பார்த்தார். நான் டாக்டரம்மா பக்கம் கையைக் காட்டினேன்.

"இவளா..." என்று இழுத்தார். கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். "இவ தூங்கி நான் பார்த்ததே இல்லையே டாக்டர்."

நாற்பத்தோரு வருடக் குடித்தனம். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். தூக்கம்தான் வந்தது.