தொட்டதெல்லாம் அவளுக்கே

"தொட்டுட்டியா? அப்ப அத நீயே வச்சுக்க! இனி அந்தச் சட்டி எனக்கு வேணாம்!"

ஷாஹிதா போட்ட கூச்சல் போர்ட் பிளேரின் டெலானிபூர்ச் சந்தின் கோடி வரை கேட்டிருக்கும். அவளுடைய கணவரின் தங்கை சம்சாத், அடுப்படிக்கு வெளியே நின்றபடி கையை மட்டும் உள்ளே நீட்டி, பலகையில் கவிழ்த்திருந்த பெரிய அலுமினியச் சட்டியை எடுத்திருந்தாள். கேட்டுவிட்டுத்தான் எடுத்திருக்க வேண்டும். கேட்டால் கிடைக்காது என்பதால் கேட்கவில்லை.

"கோவிக்காதிய மச்சி. என்கிட்ட இருக்கற சட்டி ஒரு ஆளுக்குத்தான் காணும். இன்னைக்கு ஆபீசுக்கு வெளிநாட்டுலேருந்து ஆளு வாராக. மீன் ஆணம் நான்தான் ஆக்கிக் கொண்டாரணும்னு சார் சொல்லிட்டாக."

"ஒன் கையால ஆக்குனத அவுக திம்பாகளா?"

"திம்பாகளாம். அதக் காட்டத்தான் இந்த ஏற்பாடே."

"யா அல்லாஹ், இது என்ன கூத்து!" என்று ஷாஹிதா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் அது சட்டம். சம்சாத் எதைத் தொட்டாலும் அது அவளுக்கே சொந்தம். திரும்ப யாரும் எடுக்க மாட்டார்கள். இப்படியே ஒரு பக்கெட், கால் ஆடும் முக்காலி, ஓரம் பிய்ந்த பாய் என்று அவளுக்குச் சொத்து சேர்ந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்குக்கூட எனக்கு இவ்வளவு சாமான் சேரவில்லை என்று அவளே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள். கூடச் சிரிக்க அந்த வீட்டில் ஆளில்லை.

கூடத்தில் பிள்ளைகள் சஹனைச் சுற்றி உட்கார்ந்து இடியாப்பம் தின்றுகொண்டிருந்தார்கள். அகலமான பித்தளைத் தட்டு. சம்சாத்தின் உம்மா கல்யாணமாகி வந்தபோது ராமநாதபுரத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. ஒரே சஹனில் நாலைந்து பேர் கைவைத்துச் சாப்பிடுவது அந்தக் குடும்பத்துப் பழக்கம். அதில் சம்சாத்தின் மகள் பஸீலாவுக்கும் இடமுண்டு. ரத்தம் சோதித்துப் பார்த்தாகிவிட்டது, பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஆனால் உம்மாவோடு உட்கார்ந்து ஒரு வாய் தின்றால் அப்புறம் சஹன் பக்கம் வரக்கூடாது என்பது ஷாஹிதாவின் நிபந்தனை. அதனால் சம்சாத் வீட்டை ஒட்டிய பக்கச் சந்தில், தண்ணீர்த் தொட்டிக்கு அருகே, தன் பிளாஸ்டிக் தட்டோடு தனியாகச் சாப்பிடுவாள். மகள் அங்கிருந்து பார்ப்பாள். இவள் இங்கிருந்து பார்ப்பாள்.

அண்ணன் காதர் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அபர்டீன் பஜாரில் பேன்சிக் கடை வைத்திருக்கிறார். தங்கை மேல் பாசம் இல்லாதவர் அல்ல. வாயைத் திறக்காத பாசம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

சம்சாத் தொட்டிக்குப் பக்கத்தில் தன் அடுப்பைப் பற்றவைத்தாள். ஜங்கிலிகாட் மீன்துறையில் விடியலில் வாங்கிய சீலா மீன். புளியைக் கரைத்து, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, குழம்பைக் கண்ணும் கருத்துமாக ஆக்கினாள். அந்த ஆணத்தில் அவளுடைய வாழ்க்கையே கொதித்துக்கொண்டிருந்தது என்றால் மிகையில்லை. வருகிறவர்கள் மனம் குளிர்ந்தால் ஆபீஸின் திட்டத்துக்கு மறுபடி பணம் வரும். பணம் வந்தால் காலியாக இருக்கும் ஆலோசகர் வேலை உனக்குத்தான் என்று ஆபீஸ் மேலாளர் பக்தவத்சலம் சார் சொல்லியிருந்தார். அது வந்தால் சம்பளம். சம்பளம் என்றால் சௌல்தாரியில் பார்த்துவைத்த தகரக் கூரை வீடு. அங்கே அவளும் பஸீலாவும் ஒரே தட்டில் சாப்பிடலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த அலுவலகம் வெளிநாட்டுக் காசில் எச்.ஐ.வி. வேலை செய்வது. காசு கொடுப்பவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள்: வேலைசெய்கிறவர்களில் ஒருவராவது நோய்த்தொற்று உள்ளவராக இருக்க வேண்டும். நல்ல விதிதான், யார் இல்லை என்றது? அதை நிறைவேற்றத்தான் மேலாளர் பக்தவத்சலம் ஒருநாள் திட்டத்து ஜீப்பில் வந்து இறங்கினார். ஜீப்பின் இரண்டு கதவிலும் எய்ட்ஸ் சின்னமான பெரிய சிவப்பு ரிப்பன் வரைந்திருக்கும். பட்டப்பகலில் அதைச் சந்துமுனையில் நிறுத்தி, "இங்க சம்சாத் வீடு எதுங்க?" என்று வீடு வீடாக விசாரித்தார்.

அதுவரை சம்சாத்தின் கணவன் எதனால் செத்தான் என்று சந்துக்குத் தெரியாது. தீவுகளுக்கு இடையே ஓடும் சரக்குப் படகில் வேலை பார்த்தவன், காய்ச்சலில் போனான் என்றுதான் நினைத்திருந்தார்கள். அவள் ஒரு தையல் கடையில் ஜாக்கெட் தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். ஜீப் வந்துபோன மறுநாள் தையல் கடைக்காரி, "இப்ப வேல கம்மியா இருக்கும்மா" என்றாள். வேலை கொடுக்க வந்த ஜீப், வேறெந்த வேலைக்கும் அவளைப் போகவிடாமல் செய்துவிட்டது. சம்பளமும் கிடையாது, ஊக்கத்தொகை என்று ஏதோ கையில் வைப்பார்கள். தின்னவும் முடியாது, துப்பவும் முடியாது. அன்றிலிருந்து அண்ணனின் மானத்துக்காகச் சந்துமுனைக்கு முன்பே ஜீப்பை விட்டு இறங்கி நடந்து வருவாள்.

சட்டியின் வாயை வெள்ளைத் துணியால் மூடி, அலுங்காதபடி முடிச்சுப் போட்டு, மடியில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். பக்தவத்சலம் வாசலுக்கே வந்தார். சென்னைக்காரர், நன்றாகப் பேசுவார். ஒரே தட்டில் சாப்பிட்டாலும் இந்த நோய் தொற்றாது என்று தீவு தீவாகப் போய் வகுப்பெடுப்பவர்.

"அட, வாசனை தூக்குதேம்மா! பேன்ட்ரில வெச்சுட்டு, நீ போய் மேடம்கிட்ட உக்காரு. பரிமாற நேரத்துக்குக் கூப்பிடறேன்."

வந்திருந்த மேடம் நரைத்த தலையும் பருத்திச் சட்டையுமாக இருந்தாள். டெல்லியில் சில காலம் இருந்து இந்தி படித்தவள். சம்சாத்தின் கையைப் பிடித்துக்கொண்டு மகளைப் பற்றிக் கேட்டாள். வெகுநாளாக யாரும் அப்படிக் கையைப் பிடித்ததில்லை.

பந்தி தொடங்கியது. பளபளக்கும் ஸ்டீல் வாளியில் ஆணம் இருந்தது. நல்ல பாத்திரத்தில் மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். கரண்டியை அவள் கையில் கொடுத்து, பரிமாறுவதைப் படம் எடுத்தார்கள். "எங்க ஆபீஸ்ல பேதமே கிடையாது, இவங்க சமையலைத்தான் எல்லாரும் சாப்பிடறோம்" என்று பக்தவத்சலம் இங்கிலீஷில் முழங்கினார். சம்சாத்தும் ஒரு தட்டோடு உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள்.

தேங்காய்ப் பால். வறுத்த தூள். ரம்பை இலை வாசனை.

அது அவளுடைய ஆணம் இல்லை. யாருடையது என்பதும் அந்த ஒரு வாயிலேயே தெரிந்துவிட்டது. ஜங்கிலிகாட் ஹோட்டல் ஒன்றின் சமையற்காரர் பொன்னுத்துரையின் கைப்பக்குவம் அது. கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்கென்று குடியேற்றிய சிலோன் குடும்பத்தில் பிறந்தவர்; அந்த ஊர்ப் பழக்கப்படி ரம்பை இலை போடாமல் ஆணம் ஆக்கமாட்டார்.

பொன்னுத்துரைக்கும் அந்தத் தொற்று உண்டு. ஹோட்டல் முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே வெளியே தள்ளிவிடுவான். ரிப்பன் ஜீப்புக்குப் பயந்து அலுவலகப் பக்கமே வரமாட்டார். அவருக்கான மாத்திரையை மாதாமாதம் சம்சாத்தான் படகுத்துறையில் வைத்துக் கையில் கொடுப்பாள். பேரை யாரிடமும் சொல்வதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அவர் ஒரு டிபன் பாக்சைத் திறந்து நடுவில் வைப்பார். "சும்மா கூச்சப்படாம கைய வையுங்க தங்கச்சி. நமக்குள்ள என்ன!" என்பார். அவளோடு ஒரே பாத்திரத்தில் கைவைத்துச் சாப்பிடுகிற மனிதர் இந்தப் போர்ட் பிளேரில் அவர் ஒருவர்தான். அந்த ருசி அவளுக்குத் தெரியாமல் போகுமா?

"ஆப்னே பனாயா?" நீங்களா சமைத்தீர்கள் என்று மேடம் இந்தியில் கேட்டாள். முகம் முழுக்கச் சந்தோஷம்.

பக்தவத்சலத்தின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. சம்சாத் அவரைப் பார்த்தாள். சௌல்தாரி வீட்டை நினைத்தாள். மகளை நினைத்தாள்.

"ஜீ மேடம். நான்தான்" என்றாள்.

பொய் சொன்ன வாயில் அடுத்த கவளம் இறங்கவில்லை.

மேடம் விமானநிலையத்துக்குக் கிளம்பியதும் பக்தவத்சலம் அவளைக் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதம்மா. சாப்பாட்டுல ஒண்ணும் வராதுன்னு எனக்குத் தெரியாதா? ஸ்டாஃபுங்க பயப்படறாங்க, நான் என்ன பண்றது? எப்படியோ அந்தம்மாவுக்குப் பரம திருப்தி. பணம் வந்துரும்."

"அப்ப அந்த ஆலோசகர் வேலை, சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதைத்தான் சொல்ல வந்தேன். அதுக்கு டிகிரி வேணுமாம். மெயின்லேண்ட்லேருந்து சௌமியான்னு ஒரு பொண்ணு, போன வாரமே ஆர்டர் போட்டாச்சு. நீ எங்கயும் போக வேண்டாம், உன் இடம் உனக்கு இருக்கு. அவ ஊருக்குப் புதுசு. நீதான் கூட இருந்து எல்லாம் காட்டித் தரணும்."

போன வாரமே! ஆணம் ஆக்கச் சொன்னது முந்தாநாள். எங்கே போவாள்? தையல் கடைக்கா? அந்தக் கதவெல்லாம் அடைத்துவிட்டுத்தானே இந்தக் கதவைத் திறந்தார்கள்!

அதற்குள் பக்தவத்சலம் வாளியில் மிச்சமிருந்த ஆணத்தை ஒரு டப்பாவில் ஊற்றி மூடிக்கொண்டிருந்தார். "வீட்டுல குழந்தைங்களுக்குக் கொண்டுபோறேன். என்னமா செஞ்சிருக்கான்! இனிமே எந்த மீட்டிங்னாலும் அந்த ஹோட்டல்தான். என்ன இருந்தாலும் சுத்தமான கைம்மா, சாப்பிடும்போதே தெரியுது."

அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரே ஒரு பேர். சொன்னால் இந்த மனிதரின் கையிலிருந்து டப்பா நழுவி விழும். விழுந்து தெறிக்கும். அதைப் பார்க்க அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! ஆனால் அதோடு பொன்னுத்துரையின் பிழைப்பும் சேர்ந்து விழும். அந்தப் பேரை அவள் முழுங்கினாள்.

"ஆமா சார். நல்ல கைதான்" என்றாள்.

வெளியே டிரைவர் அருண்பிரசாத் ஜீப்பின் பின்கதவைத் திறந்தான். உள்ளே அவளுடைய சட்டி இருந்தது. துணியில் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. ஒருவர் கூடத் திறந்து மோந்து பார்க்கவில்லை.

"சார் நாலாச் சாக்கடையில கொட்டிடச் சொன்னாரு அக்கா. கொட்ட மனசு வரல" என்றான் அவன்.

"நீயாவது தின்னுருக்கலாம்ல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மாஃப் கரோ அக்கா, மன்னிச்சுருங்க. பயமா இருந்துச்சு."

அவனாவது உண்மையைச் சொன்னானே என்று அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

சந்துமுனை வருவதற்கு முன்பே, வழக்கமாக இறங்கும் இடத்தில், அவன் வண்டியை மெதுவாக்கினான்.

"நிறுத்தாத. வீட்டு வாசலுக்கே போ."

"அக்கா, ஜீப்பு... ரிப்பன்..."

"தெரியாதவுக யாரு மிச்சம்? சலோ."

சிவப்பு ரிப்பன் ஜீப் காதர் வீட்டு வாசலில் நின்றது. சந்தே எட்டிப்பார்த்தது. சம்சாத் வீட்டை ஒட்டிய பக்கச் சந்து வழியாகப் போகவில்லை. சட்டியோடு வாசற்படி ஏறி நேரே கூடத்துக்குள் போனாள். காதர் மாலை அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். அவள் அலமாரியிலிருந்து உம்மாவின் சஹனை இரண்டு கையாலும் எடுத்து, கூடத்து நடுவில் வைத்தாள். அடுப்படியிலிருந்து ஓடிவந்த ஷாஹிதா அலறினாள்.

"ஏடி! ஒனக்குப் பைத்தியமா? அது எங்க சஹன்டி!"

"தொட்டுட்டேன் மச்சி" என்றாள் சம்சாத். "இனி இது ஒங்களுக்கு வேணாமுல்ல?"

சட்டம் ஷாஹிதா போட்டது. கணவரைப் பார்த்தாள். காதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வாய் திறக்காத குணம் முதல்முறையாகத் தங்கைக்கு உதவியது.

சம்சாத் முடிச்சை அவிழ்த்தாள். அடுப்படிக்குள் போய்ப் பானையிலிருந்து சோற்றை அள்ளி வந்து சஹனில் கொட்டி, மேலே ஆணத்தை ஊற்றினாள். யாரும் தடுக்கவில்லை, தடுக்க வேண்டுமானால் அவளைத் தொடவேண்டும்.

"பஸீலா, வாம்மா."

கதவோரம் நின்ற பிள்ளை மாமியைப் பார்த்தது, உம்மாவைப் பார்த்தது.

"போயிருவியா நீ? போய் அதுல கைய வச்சே, அப்புறம் எங்க சஹன் பக்கம் வரக்கூடாது, சொல்லிட்டேன்!" என்றாள் ஷாஹிதா.

பஸீலா கூடத்து நடுவுக்கு வந்து உம்மாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சஹன் இங்கதானே இருக்கு, மாமி" என்றாள்.

சம்சாத் ஒரு மீன் துண்டை எடுத்து, முள்ளை நீக்கி, மகள் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.