இருமல் வந்தால் பாட்டு

பிரார்த்தனைக் கூடத்தில் கடவுளுக்கு அடுத்த இடம் பெரியவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவரும் அப்படித்தான் நினைத்தார், சில நாள் அந்த வரிசையிலேயே அவருக்குச் சந்தேகம் வந்ததும் உண்டு. உண்மையில் அந்த இடம் மைக்காரருடையது. கடைசி வரிசைக்குப் பின்னால், காதில் ஹெட்போனும் முன்னால் மிக்ஸருமாக உட்கார்ந்திருப்பார். யாராவது சாட்சி சொல்லும்போது இருமினாலோ விக்கினாலோ, அவர் விரல் தானாகவே அந்த மைக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானைக் கீழே இழுத்து, பாட்டை மேலே ஏற்றிவிடும். அருள் இறங்கியதாகக் கூட்டம் கண்ணை மூடிக்கொள்ளும்.

"மருந்து மனுஷன் குடுக்கறது, குணம் மேலேர்ந்து வர்றது!" என்று பெரியவர் கையை உயர்த்தும்போது, அவர் சட்டைப்பையில் பிரஷர் மாத்திரை அட்டை சரசரக்கும். ஹெட்போனில் தெளிவாகக் கேட்கும். அதையும் மைக்காரர் ஸ்பீக்கரில் இறக்கிவிடுவார், ஹெட்போனில் மட்டும் நிற்காது. கூட்டம் முடிந்ததும் பெரியவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு தண்ணீர் குடிப்பதையும் அவர் பார்க்கமாட்டார். நம்பிக்கை என்பது பெரும்பாலும் எந்தப் பக்கம் பார்ப்பது என்கிற விஷயம்தான்.

மைக்காரரின் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். நெஞ்சில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். பாதி வைத்தியத்தில் வலி குறைந்தது. அந்த வாரம் பார்த்துப் பெரியவர் அவள் தலையில் கை வைத்து வேண்டினார். அவளும் மேடையேறி, மைக்கைப் பிடித்து, "குணமாயிட்டேன்" என்றாள். கூடமே அழுதது. அதன்பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவது கடவுளைப் பொய்யராக்குவது அல்லவா? மீதி வைத்தியம் அப்படியே நின்றது.

வலி, மாமனார் வீட்டுக்கு வந்த மருமகன்போல, சொல்லாமல் வந்து கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது. பொறுக்கமுடியாமல் போனபோது டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இவ்வளவு நாள் எங்கம்மா இருந்தீங்க?" என்றார். இனி வலிக்கு மட்டும்தான் மருந்து.

திரும்பும் வழியில் பஸ்ஸில் மைக்காரர், "டாக்டர்னா பயமுறுத்தத்தான் செய்வாங்க" என்றார்.

"என்னை விடுங்க. உங்க தங்கச்சிய நினைச்சாதான் பயமா இருக்கு."

தங்கைக்குச் சர்க்கரை. அண்ணியின் சாட்சியைக் கேட்ட அன்றே இன்சுலின் ஊசிகளைக் குப்பையில் போட்டுவிட்டாள். இப்போது பாதத்தில் ஆறாத புண். மறுநாளே அவள் வீட்டுக்குப் போய், அடுப்படியில் உட்காரவைத்து உள்ளதைச் சொன்னாள் அண்ணி.

தங்கை சிரித்தாள். "அண்ணி, மேடையில சொல்றது சாட்சி. அடுப்படியில சொல்றது சந்தேகம். ஐயா எத்தனை தடவை சொல்லியிருக்காரு?"

"உங்க ஐயா கெடக்கறாரு. கால் அழுகுதுடி."

"அப்ப மைக்ல சொல்லுங்க. அங்க சொன்னா நம்பறேன். அன்னைக்கே ஊசி போட்டுக்கறேன்."

அந்த வாரக் காலைக் கூட்டத்தில் மனைவி மேடையேறினாள். எதற்கு என்று கணவனிடம் முன்பே சொல்லியிருந்தாள். அவர் கேட்டுக்கொண்டே ஒயர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போன தடவை இதே எடத்துல நின்னு, குணமாயிட்டேன்னு சொன்னேன். அது..."

இருமல் வந்தது. விரல் இறங்கியது. பாட்டு ஏறியது.

ஹெட்போனில் மட்டும் அவள் குரல் வந்துகொண்டிருந்தது. இருமி முடித்து, மூச்சு வாங்கி, அவள் பேசினாள். "அது இல்லீங்க. எனக்குக் குணமாகல. இனிமே ஆகவும் ஆகாது. கண்ணு, ஊசியப் போட்டுக்கோடி. உன் காலப் புடிச்சுக் கேக்கறேன்."

இருமல் நின்றால் பொத்தானை ஏற்றவேண்டும். அதுதான் தொழில். ஒரு விரல் நுனி போதும். மைக்காரர் விரலை அதன்மேல்தான் வைத்திருந்தார். ஆனால் அந்த ஸ்பீக்கர் வழியே வந்தது எதுவும் இந்தக் கூடத்தில் இதுவரை பொய்யானதில்லை. அவரே கட்டித் தூக்கிய ஸ்பீக்கர். அதில் வராதவரைக்கும் அவர் மனைவி குணமானவள்.

விரல் அசையவில்லை.

மேடையில் உதடுகள் அசைந்தன. பெரியவர் எழுந்து, "பாருங்க, பேச்சே வரல! கண்ணீரே சாட்சி!" என்று இரண்டு கையையும் உயர்த்தினார். ஹெட்போனில் மாத்திரை அட்டை சரசரத்தது. முன்வரிசையில் தங்கை கண்மூடி அழுதுகொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை மைக்காரர் சமீபத்தில் பார்த்ததில்லை.

கூட்டம் கலைந்ததும் தங்கை நொண்டிக்கொண்டே வந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். "அடுப்படியில சும்மா என்னைச் சோதிச்சுப் பாத்தீங்கதானே? எனக்கு இப்பத்தான் எல்லாம் புரிஞ்சுது, அண்ணி."

மனைவி அவள் தோளுக்கு மேலாகக் கணவனைப் பார்த்தாள். "உங்களுக்காவது கேட்டுச்சா?"

அவர் ஒயரைச் சுருட்டினார். "மைக்ல ஏதோ கோளாறு."

"அடுத்த வாரம் ஏறிச் சொல்ல எனக்கு மூச்சு இருக்குமா?"

அவள் திரும்பிக்கொண்டாள். புண்ணான கால் தரையில் அழுந்தாதபடி நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணிக்கு மூச்சு வாங்குகிறதே என்று நாத்தனார் அவள் இடுப்பைச் சுற்றிக்கொண்டாள். யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று தெரியாமல் இருவரும் படியிறங்கிப் போனார்கள். மைக்காரர் சுருட்டிய ஒயரைப் பிரித்து, மறுபடியும் முதலிலிருந்து சுருட்டத் தொடங்கினார்.