டி போட்ட குத்தம்

முதல்லயே சொல்லிப்புடுறேன், எனக்கு மெட்ராஸ் ஆபீசுக்காரங்களைக் கண்டாலே பத்திக்கிட்டு வரும். நல்லவங்கதான். அதான் பிரச்சினையே. கெட்டவங்களா இருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு, சோத்தைத் தின்னுட்டுப் படுத்துடலாம். நல்லவங்க செஞ்ச காரியத்துக்கு நான் யாரைப் போய்த் திட்ட?

எங்களுது செந்நெல் பவர்னு ஒரு தனியார் கரண்டு கம்பெனி. பாபநாசத்தைச் சுத்தி இருக்கிற கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர் எல்லாத்தையும் பாத்துக்கிறது எங்க வேலை. ஒரு காலத்துல கம்பம் ஏற ஆளுக்குப் பஞ்சமே இல்ல. அப்புறம் ஏஜெண்டுங்க வந்தானுங்க. இங்க ஏறுற அதே கம்பத்தைக் குவைத்துலயோ மஸ்கட்டுலயோ ஏறுனா நாலு பங்கு சம்பளம்னா எவன் இருப்பான்? ஒவ்வொருத்தனா பறந்துட்டான். ஆம்பளை கிடைக்கலைன்னதும் கம்பெனிக்குப் பொம்பளை ஞாபகம் வந்துச்சு. சும்மா வரலை, பேரோட வந்துச்சு. பன்முகம், சமவாய்ப்பு, உள்ளடக்கம்.

உள்ளடக்கம்னா புத்தகத்துல முதல் பக்கத்துல போடுவாங்களே, அதான்னு நெனச்சேன். மெட்ராஸ்லேர்ந்து குந்தவை மேடம் வந்து வகுப்பு எடுத்தாங்க. எல்லாரையும் உள்ள சேத்துக்கறதுதாம்மா உள்ளடக்கம்னு பொறுமையாத்தான் சொன்னாங்க. பக்கத்துல இருந்த விண்ணரசி என் காதுல, "உள்ள வச்சு அடக்கறதுக்காக்கா?"ன்னா. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன்.

விண்ணரசியும் நானும்தான் அந்தத் திட்டத்துல சேந்த பொம்பளைங்க. எனக்குக் கம்பமும் வேணாம், கத்திரிக்காயும் வேணாம். புகார் போனை எடுத்து, "சொல்லுங்க, எந்த ஊரு?"ன்னு கேக்குற வேலை எனக்குத் தோதாப் போச்சு. அவ அப்படி இல்ல. ஐ.டி.ஐ.ல வயர்மேன் படிச்சவ. கம்பத்தைப் பாத்தா மத்தவ நகைக்கடையைப் பாக்குற மாதிரி பாப்பா. அதுல விஷயமும் இருந்துச்சு. கம்பம் ஏறி வேலை பாத்துருக்கான்னு போர்மேன் கையெழுத்துப் போட்டாத்தான் வேலை நிரந்தரம். ஏறாதவ கடைசி வரைக்கும் ஒப்பந்தக் கூலிதான்.

"நிரந்தரம் கூட அப்புறம்கா. எனக்கு லைன்மேன்னு பேரு வரணும்"பா. "மேன் இல்லடி, நீ விமன்"னு நான் கிண்டல் பண்ணுவேன். "வேலைக்குப் பேரு லைன்மேன்தான்கா, ஆளு யாரா இருந்தா என்ன?"ன்னு சண்டைக்கு வருவா.

வகுப்புல குந்தவை மேடம் ஒரு சட்டம் சொல்லிட்டுப் போனாங்க. வேலை இடத்துல யாரும் யாரையும் வா போன்னு பேசக்கூடாது. டா, டி போட்டா நடவடிக்கை. நியாயமான சட்டம்தான், இல்லைங்கல. விண்ணரசியோட அப்பா மதலைமுத்து, தலை நரைச்ச மனுஷன். அவரு வேலை பாக்குற மிராசு வீட்டுல, மூக்கு ஒழுகுற பொடிசெல்லாம் "டேய் மதலை"ன்னு கூப்பிடும். அவரும் "இதோ வந்துட்டேன் சாமி"ன்னு ஓடுவாரு. அதைப் பாத்து வளந்தவ அவ. அந்தச் சட்டத்தைக் கேட்டப்ப என் பக்கத்துல கைதட்டுனவளே அவதான்.

எங்க போர்மேன் நடராசன். திருவிடைமருதூர்க்காரரு. வாயத் தொறந்தா டேய்தான். "டேய் எருமை, பெல்ட்டை மாட்டுடா, உன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது"ம்பாரு. அவரு அப்படித் திட்டலைன்னா பசங்களுக்கே பயம் வந்துடும், பெரியவரு நம்மளைக் கை கழுவிட்டாரோன்னு. எங்க ரெண்டு பேரு கிட்ட மட்டும் தேன் ஒழுகும். "வாங்கம்மா. உக்காருங்கம்மா. வெயில்ல நிக்காதீங்கம்மா." ஏணியைத் தொட்டா, "ஐயையோ நீங்க விடுங்கம்மா." விண்ணரசிக்கு அழுகையா வரும். "அந்த ங்க இருக்கே, அதாலேயே என்னை வெளியில தள்றாருக்கா"ம்பா.

அப்புறம் கிளாட்சனும் மஸ்கட்டுக்குப் போயிட்டான். ஏற இருந்த கடைசி ஆளு அவன்தான். அந்த வருஷம் ஆத்துல தண்ணி வரலை. குறுவை நாத்தங்கால் பூரா போர் தண்ணியை நம்பி இருக்கு. அந்த நேரம் பாத்து, கஞ்சிமேட்டுப் பக்கம் கம்பி அறுந்து மோட்டார் எல்லாம் நின்னு போச்சு. பஞ்சநதம்னு ஒரு விவசாயி போன்ல என்னைப் போட்டுக் காய்ச்சுறாரு, "நாத்து கருகுதும்மா, நீங்கல்லாம் சோறுதான் திங்கிறீங்களா?" நடராசனுக்கு முட்டி தேஞ்சு ஏற முடியாது. கம்பத்தையும் பாத்தாரு, வானத்தையும் பாத்தாரு, கடைசியில விண்ணரசியைப் பாத்தாரு. "ஏறுறீங்களாம்மா?"

கேட்டு முடிக்கல, அவ ஏறிட்டா. நான் கீழ நின்னு மாதாவைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். உச்சிக்குப் போனதும் சந்தோஷத்துல புத்தி மழுங்கிப் போச்சு போல. லைனை அணைச்சாச்சுன்னாலும், எந்த வீட்டு ஜெனரேட்டர்லேர்ந்து கரண்டு திரும்பி வரும்னு சொல்ல முடியாது. அதுக்குத்தான் எர்த் ராடு. அதைக் கம்பியில மாட்டிட்டுத்தான் கை வைக்கணும். இவ வெறுங்கையை நீட்டிட்டா.

"ஏய் விண்ணரசி! கைய எடுடி! ராடு எங்கடி, சனியனே!"

வயக்காடே அதிர்ந்துச்சு. அவ கையை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டா. ராடை மாட்டுனா, கம்பியைக் கட்டுனா, எறங்குனா. நான், சரி, இவ உடைஞ்சு போயிட்டான்னு நெனச்சுக்கிட்டு ஓடுறேன், அவ மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பு. "என்னை டின்னு சொல்லிட்டாருக்கா!"

மத்தியானம் நடராசன் கேக்காம கொள்ளாம அவ டிபன் டப்பாவைத் தொறந்து கருவாட்டுத் துண்டு ஒண்ணை எடுத்துக் கடிச்சாரு. "உப்பு தூக்கலா இருக்குடி"ன்னாரு. காலனியில ஆக்குன சோத்தை ஊர்த்தெரு ஆளு ஒருத்தரு அப்படித் தொட்டு எடுத்து நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. வகுப்பு எடுத்தெல்லாம் அது வரலை.

அதுக்கப்புறம் எட்டு மாசமா தினமும் ஏறுனா. தினமும் திட்டு வாங்குனா. "அடுத்த மாசம் கையெழுத்துப் போட்டுடறேன்டி, அதுவரைக்கும் கீழ விழுந்து என் மானத்தை வாங்காத"ன்னு சொன்னாரு.

மகளிர் தினம் வந்துச்சு. கம்பம் ஏறுற பொம்பளையைப் படம் எடுக்கணும்னு மெட்ராஸ் ஆபீசே கேமராக்காரனை அனுப்புச்சு. விண்ணரசி பவுடர் போட்டுக்கிட்டு ஏறுனா. கேமராக்காரன் இருக்கானேன்னு நடராசனும் வாயை இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் நின்னாரு. அவ உச்சியில நின்னு கேமராவுக்குக் கையாட்டுறேன்னு பெல்ட்டை மாட்ட மறந்துட்டா. மனுஷன் என்ன பண்ணுவாரு? "பெல்ட்டைப் போடுடி கழுதை!" படத்துல அதுவும் சேந்து பதிவாயிடுச்சு.

மெட்ராஸ்ல பெரிய ஹால்ல போட்டுப் பாத்தாங்களாம். பாத்தவங்க எல்லாம் பதறிட்டாங்களாம்.

ஒரு வாரத்துல குந்தவை மேடம் விசாரணைக்கு வந்தாங்க. விண்ணரசிக்குத் துணையா நானும் உள்ள உக்காந்துருந்தேன். மேடம் அவ கையைப் புடிச்சுக்கிட்டாங்க. நடிப்பு இல்ல, கண்ணு கலங்கியிருந்துச்சு.

"பயப்படாதீங்க விண்ணரசி. நாங்க உங்க பக்கம்."

"நான் பயப்படலை மேடம். அவரு திட்டலை. அது எங்க வேலையில பேசுற பேச்சு."

"இப்படித்தான் பழகிப் போயிடும். அதுதான் கொடுமையே. உங்க அப்பாவை ஊர்ல எப்படிக் கூப்பிடுவாங்க?"

"டேய்னு கூப்பிடுவாங்க மேடம்."

"அதேதானே இதுவும்?"

"அந்த டேய்ல பொறந்து வளந்தவ மேடம் நான். ரெண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா?" மேடம் புடிச்சிருந்த கையை இப்ப அவ இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. "அவரைப் போகச் சொல்லாதீங்க. என்னை ஏத்துறதுக்கு வேற யாரும் இல்ல மேடம்."

மேடம் அவ தோளைத் தட்டிக் குடுத்தாங்க. பயந்துபோய் இருக்கான்னுதான் அவங்களுக்குப் பட்டுருக்கும். அவளுக்குத் தைரியம் குடுக்குறதா நெனச்சுக்கிட்டு, அவ சொன்ன ஒரு சொல்லைக் கூட நம்பலை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேசையைக் கவுத்துருப்பேன். "மேடம், அவளைத்தான் கேக்க வந்தீங்க, அவ சொல்றதைக் கேளுங்களேன்!"னு கத்துனேன். என்னை வெளியில இருக்கச் சொல்லிட்டாங்க, அதுவும் மரியாதையா.

நடராசனைக் கூப்பிட்டு, "சொன்னீங்களா?"ன்னு கேட்டாங்க. "சொன்னேங்க"ன்னாரு. அன்னைக்கே வேலையை விட்டு எடுத்துட்டாங்க.

புதுசா தியாகராசன்னு போர்மேன் வந்தாரு. பழைய ஆளுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டே வந்தவரு. "மேடம், நீங்க பேனுக்கு அடியில உக்காருங்க மேடம்." கம்பம் ஏற வெளியூர்லேர்ந்து கூலிக்கு ஆளைக் கூட்டிட்டு வந்தாரு, ஏணி வண்டியில விண்ணரசியை ஏத்தவே இல்ல. அவ கேட்டுக் கேட்டு ஓஞ்சா. நிரந்தரக் கையெழுத்தா? "நான் கண்ணால பாக்காததுக்கு எப்படிங்க மேடம் போடுறது?" எனக்குப் பக்கத்துல இன்னொரு போன் போட்டு அவளை உக்கார வச்சாங்க. மோட்டார் நின்னு போச்சுன்னு எவனாவது கத்துவான், அவ ஊர் பேரை எழுதிக்குவா. சன்னல் வழியா கம்பம் தெரியும். அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உக்காந்துப்பா.

ஒரு ஞாயித்துக்கிழமை மாதா கோயில் பூசை முடிஞ்சதும், "திருவிடைமருதூர் போலாம் வாக்கா"ன்னா. மகாலிங்கசாமி கோயில் தெருவுல நடராசன் மோட்டார் காயில் கட்டுற கடை போட்டிருந்தாரு. எங்களைப் பாத்ததும் கையில இருந்ததைப் போட்டுட்டு எந்திரிச்சாரு. துண்டை எடுத்து நாற்காலியைத் தட்டுனாரு.

"வாங்கம்மா. உக்காருங்க."

விண்ணரசி நின்ன இடத்துலயே நின்னா.

"சார், நான் புகார் எழுதிக் குடுக்கலை. என்னால இல்ல சார்."

"தெரியும்மா. உங்களை நான் தப்பா நெனைக்கலீங்க."

"ங்க போடாதீங்க சார்." தட்டி வச்ச நாற்காலியை அவ கண்ணெடுத்தும் பாக்கலை. "என்னை எல்லாரும் மேடம்கிறாங்க. யாரும் என்னைக் கூட்டிட்டுப் போக மாட்டேங்கிறாங்க. நீங்களாவது பழைய மாதிரி பேசுங்க சார். ஒரே ஒரு தடவை டின்னு சொல்லுங்க சார்."

தெருவுல போறவங்க திரும்பிப் பாக்குறாங்க. நடராசன் முதல்ல அவங்களைப் பாத்தாரு, அப்புறம் இவளைப் பாத்தாரு. வாய் தொறந்துச்சு. ஏதோ ஒண்ணு தொண்டை வரைக்கும் வந்ததை நான் பாத்தேன். கண்ணுலேர்ந்து பொலபொலன்னு கொட்டுது மனுஷனுக்கு. உதடு துடிச்சு, அடங்கிடுச்சு.

"வாய் வரலீங்கம்மா"ன்னாரு. "பாத்துப் போங்க."