பாதியில் நின்ற இரண்டு விடைத்தாள்கள்

ரதீஸ் அந்தப் பாடசாலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. தகவல் தொழினுட்பம் படிப்பிக்க வந்தவரிடம், கணினி தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக, பரீட்சை நேரசூசி போடும் வேலையையும் அதிபர் மங்கையற்கரசி கொடுத்துவிட்டார். உயர்தர வகுப்புகளின் இரண்டாம் தவணைப் பரீட்சைக்கான நேரசூசியை ரதீஸ் இரண்டே மாலைகளில் முடித்தார். எல்லாப் பாடங்களும் ஒன்பது நாட்களுக்குள் அடங்கியதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பரீட்சை முடிந்த அடுத்த வாரம், புவியியல் ஆசிரியர் றுஸ்தி ஆசிரியர் அறையில் ஒரு விடைத்தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தபடி இருந்தார். ஏறாவூரிலிருந்து வருகிறவர், பதினைந்து வருடமாகப் படிப்பிக்கிறவர். தன் வகுப்பிலேயே கெட்டிக்காரி இந்தப் பிள்ளைதான் என்றும், முதல் மூன்று கேள்விகளுக்கும் குறை சொல்ல முடியாத விடை எழுதியவள் நான்காவதை ஒரு வசனத்தின் நடுவில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு வெறும் தாள்.

பக்கத்து மேசையில் உயிர்முறைமைகள் தொழினுட்பப் பாடத்தைத் திருத்திக்கொண்டிருந்த தக்ஷாயினி, யார் அந்தப் பிள்ளை என்று கேட்டார். விதுர்ஷா என்றதும் தன் கட்டுக்குள் தேடி ஒரு தாளை இழுத்தெடுத்தார். அதிலும் பாதிக் கேள்விகளுக்குத்தான் விடை இருந்தது. மேல் மூலையில் மண்டபத்துக்குப் பொறுப்பாயிருந்தவர் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: 9.35க்கு வந்தவர், வயிற்றுவலி.

ரதீஸ் எழுந்துபோய்ச் சுவரில் ஒட்டியிருந்த நேரசூசியைப் பார்த்தார். புதன்கிழமை, காலை எட்டு மணி முதல் பதினொரு மணி வரை, கலைப்பிரிவுக்குப் புவியியல். அதே நாள், அதே நேரம், தொழினுட்பப் பிரிவுக்கு உயிர்முறைமைகள்.

தொழினுட்பப் பிரிவில் இருபத்திரண்டு பேர். தாங்களே தெரிவு செய்யும் மூன்றாவது பாடமாக எல்லோரும் விவசாயத்தையோ தகவல் தொழினுட்பத்தையோதான் எடுத்திருப்பார்கள் என்று அவர் நினைத்திருந்தார். ஒருத்தி மட்டும் புவியியல் எடுத்திருந்தாள். அந்தப் பாட நேரங்களில் புத்தகங்களை அணைத்துக்கொண்டு அவள் கலைப்பிரிவு வகுப்புக்கு நடந்து போவதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறார். நேரசூசி போட்டபோது அது நினைவுக்கு வரவில்லை.

இடைவேளையில் விதுர்ஷாவைக் கூப்பிட்டார். ஏச்சு வாங்கப் போகிறோம் என்ற முகத்தோடுதான் வந்தாள். இரண்டு தாள்களையும் மேசையில் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னத்துக்குப் புள்ள ஒரு வார்த்தை சொல்லல்ல?"

"நேரசூசி ஒட்டின அண்டைக்கே கண்டுட்டன் சேர்," என்றாள். "சொன்னா ஒரு பாடத்த விடு எண்டுதான் சொல்லுவீங்க எண்டு நினைச்சன்."

அப்படி நினைக்க அவளுக்குக் காரணம் இருந்தது. பாடம் தெரிவு செய்த காலத்தில், ஒரு பிள்ளைக்காகப் பாடவேளைகளை மாற்ற ஏலாது, விவசாயத்தை எடு என்று மூன்று தடவை சொல்லியிருந்தார்கள். தகப்பன் இராசதுரையையும் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர், படிக்கப் போகிறவள் அவள்தானே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படி ஒருவாறு கிடைத்த பாடம். மறுபடி அந்தக் கதையைத் தொடங்கினால் கையைவிட்டுப் போய்விடும் என்று பயந்திருக்கிறாள். அதனால் தாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் என்று பிரித்து, ஒரு கிழமையாக வீட்டில் மணிக்கூட்டை வைத்து எழுதிப் பழகியிருக்கிறாள். அன்று ஒன்பதரைக்கு வயிற்றுவலி என்று சொல்லித் தாளைக் கொடுத்துவிட்டு, மைதானத்தைக் குறுக்கறுத்து மற்ற மண்டபத்துக்கு ஓடி, அங்கேயும் வயிற்றுவலியால் பிந்தியதாகச் சொல்லியிருக்கிறாள்.

புவியியலில் அப்படி என்ன விருப்பம் என்று ரதீஸ் கேட்டார். குறையாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார்.

"எங்கட வயல் வட்டைக்குள்ள மாரிக்கு வெள்ளம் ஏறினா, தண்ணி எங்கால வருது, எங்கால இறங்குது எண்டு ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க சேர். போன முறை வயல் முழுக்கத் தண்ணிக்குள்ள தாண்டு போச்சு. வரைபடத்தப் பார்த்தா எனக்கு விளங்குது. மற்றப் பாடம் பயிரச் சொல்லித் தருது. எனக்கு ரெண்டும் வேணும்."

ரதீஸ் இரண்டு தாள்களையும் சேர்த்து எடுத்து வைத்தார். "இது என்ட பிழை. உன்ட பிழை இல்ல," என்று மட்டும் சொல்லி அவளை வகுப்புக்கு அனுப்பினார்.

அன்று பின்னேரமே அதிபரிடம் போனார். தவணைப் பரீட்சைதானே, தாளில் ஒரு குறிப்பு எழுதிவிட்டால் போதாதா என்றார் மங்கையற்கரசி. தேர்ச்சி அறிக்கையில் இந்தப் புள்ளிகள் போனால் பாடத்தை மாற்றச் சொல்லித் தகப்பனைத் திரும்பவும் கூப்பிட வேண்டிவரும் என்று ரதீஸ் சொன்னார். ஒருத்திக்குத் தனியாகப் பரீட்சை வைத்தால் நாளைக்கு எல்லோரும் வந்து கேட்பார்களே என்றார் அதிபர்.

"மற்றவங்களுக்கு ரெண்டு தாள் ஒரே நேரத்தில வரல்ல ரீச்சர். இவளுக்கு நான்தான் அப்படிப் போட்டன்."

சனிக்கிழமை வைக்கலாம் என்று அதிபர் இறங்கிவந்தார். பிள்ளை பழைய கேள்விகளைப் பார்த்துவிட்டதே, புதிய தாள் தயாரிக்க றுஸ்திக்கும் தக்ஷாயினிக்கும் சம்மதமா என்று கேட்டார். றுஸ்தி முணுமுணுத்தார், திருத்த இன்னும் இரண்டு கட்டுக் கிடக்கிறது என்றார். ஆனாலும் வியாழக்கிழமையே தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். தக்ஷாயினி அதற்கு முதல்நாளே கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை இராசதுரை மகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார். வாசலில் ரதீஸைக் கண்டதும் செருப்பைக் கழற்றப் போனார். ரதீஸ் தடுத்தார்.

"புள்ளையால உங்களுக்கெல்லாம் கரைச்சல், சேர்."

பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை, நேரசூசியைப் பிழையாகப் போட்டவன் தான்தான் என்று ரதீஸ் விளக்கிச் சொன்னார். ஓர் ஆசிரியர் இப்படிச் சொல்லி இராசதுரை கேட்டதில்லை. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, அவள் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லி ஒரு சாப்பாட்டுப் பார்சலை ரதீஸின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

காலையில் புவியியல், சாப்பாட்டுக்குப் பிறகு மற்றது. வெறிச்சோடிக் கிடந்த பாடசாலையில் அவள் ஒருத்தி எழுத, ரதீஸ் ஒருவர் காவல் இருந்தார். புவியியல் தாளை நேரத்துக்கு முன்னரே முடித்துவிட்டு, மிச்ச நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் எழுதியதையே திரும்பத் திரும்ப வாசித்தாள்.

புவியியலுக்கு எழுபத்தெட்டு வந்தது. உயிர்முறைமைகளுக்கு ஐம்பத்தொன்பது. உணவு பதனிடும் பகுதியை அவள் படிக்கவே இல்லை, அது நேரமில்லாமல் போன குறை இல்லை என்று தக்ஷாயினி நேராகவே சொன்னார். விதுர்ஷா அதை ஒத்துக்கொண்டாள்.

மூன்றாம் தவணைக்கு முன் ரதீஸ் ஒவ்வொரு உயர்தர வகுப்புக்கும் போய், மாணவர்கள் தங்கள் பாடங்களைத் தாங்களே துண்டுத் தாளில் எழுதித் தரச் செய்தார். ஒருவருமே சொல்லாமல் இருந்த இன்னும் மூன்று நேர மோதல்கள் வெளிப்பட்டன. புதிய நேரசூசிக்கு ஆறு நாள் வேலை. பரீட்சையும் பன்னிரண்டு நாளாக நீண்டது. ஆசிரியர்களுக்கு இது பிடிக்காது என்று சொல்லியபடியே அதிபர் கையெழுத்து வைத்தார்.

புதிய நேரசூசியை ஒட்டிய மறுநாள் விதுர்ஷா தானாகவே ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு கொப்பி.

"பரீட்சைல ஒண்டும் இல்ல சேர்," என்றாள். "செவ்வாய்க்கிழம மூணாம் பாடவேளைல எனக்கு ரெண்டு வகுப்பு வருது. மாத்த ஏலுமோ எண்டு கேக்க வந்தன்."

ரதீஸ் பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டு, இருக்கச் சொன்னார்.