உபயக் கல்லு ஒரு முழம்

வானத்துல சுத்துற பெட்டி கம்மாய்த் தண்ணிய அளக்குதாம்லே! டிவியில சொல்லுதான். மேலருந்து அலைய விட்டு, அது தண்ணியில பட்டுத் திரும்புற நேரத்த வச்சுத் தூரம் பாக்குமாம். ஆனா மொதல்ல, பெட்டி எம்புட்டு உசரத்துல நிக்குதுன்னு சரியாப் புடிச்சுக்கிடுவாகளாம். அதக் கேட்டதும் டிவிய அமத்திட்டேன்.

நாங்களும் மேலருந்துதான் அளந்தோம். ஆயிரத்தித் தொள்ளாயிரத்து அறுபத்திரெண்டு, ஐப்பசி மாசம். விஸ்வநத்தத்துக்குத் தெக்க எங்க கம்மாய். முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயித்துல கல்லக் கட்டி, மடைத்தூண் உச்சியிலருந்து தொங்கவிடணும். கல்லு தண்ணியத் தொடுறவரைக்கும் எத்தன முடிச்சோ, அம்புட்டுக் காலி. காலி கூடுனா தண்ணி கொறைஞ்சிருச்சு. வெள்ளிக்கெழம தோறும் அளக்கது என் வேல.

ஒரு வெள்ளி நாலு காலி. மடையப் பூட்டித்தான் வச்சிருந்தோம். அடுத்த வெள்ளி அஞ்சு!

"ஏலே சுந்தரபாண்டி, ஒரு முழத் தண்ணி எங்கலே போச்சு?"ன்னு எங்கண்ணன் செல்லப்பாண்டி துள்ளுனான்.

"மடைக்காவல் ஊர்க்காவலந்தான். சாவி அவங்கிட்டதான இருக்கு, திருட்டுத்தனமாத் தொறந்திருப்பான்"னு சொன்னேன். இந்த நாறவாய்தான் சொல்லுச்சு.

ஊர்க்காவலன்னுதான் அவனுக்குப் பேரு. கும்பிட்டுக்கிட்டே ஓடியாந்தான். "மொதலாளி, கயித்தப் பாக்காதீக, கரையப் பாருங்க. போன வாரம் தண்ணி தொட்ட கருவேல மரத்து அடித்தூர இன்னமும் தொட்டுக்கிட்டுத்தான நிக்கி?"

பத்தடி நடந்தாப் பாத்திருக்கலாம். நான் நடக்கல, பாவி.

"எனக்கே பாடம் சொல்லுதியோ?"ன்னு அண்ணன் அருவாள வீசுனான். கும்பிட்ட கையில ஒண்ணு துண்டா விழுந்துச்சு. ஊர்க்காவலன் மிச்சக் கையால என் காலப் புடிச்சான். "சின்ன மொதலாளி, நீங்களாச்சும் எறங்கிப் பாருங்க." நான் உதறுனேன். அவன் மல்லாந்தான். ரெண்டாவது வெட்டு கழுத்துல. மடைப் படியெல்லாம் ரத்தம், தண்ணிக்குள்ளயும் எறங்கிருச்சு.

அவன் பொண்டாட்டி மாரித்தாய் தீப்பெட்டி ஆபீசுலருந்து ஓடியாந்தா, கையெல்லாம் தீக்குச்சி மருந்து. நான் பொணத்துக்குப் பக்கத்துலயே நின்னு, "ஒரு முழம் களவாண்டுட்டான்"னு உளறிக்கிட்டிருந்தேன். அவ தூண் தலைய அண்ணாந்து பாத்தா. விறுவிறுன்னு தூண்ல ஏறுனா.

அந்த வாரம் புதன்கெழமதான், எங்கய்யா பேரு வெட்டுன உபயக் கல்ல அந்தத் தூண் தலையில வச்சுப் பூசுனோம். போட்ட மால கூட வாடல. அது மேல ஏறி நின்னுதான், பெரிய இவனாட்டம், அந்த வெள்ளி கயிறு விட்டேன்.

மாரித்தாய் பழைய தூண் தலையில முழங்கைய ஊனி, கைய நேரா நிமுத்துனா. நடுவெரலு உபயக் கல்லு உச்சியில போய் நின்னுச்சு. அய்யா பேரு மேல பூராம் தீப்பெட்டி மருந்து.

"இந்தா இருக்கு உங்க ஒரு முழம்"னா. "எடுத்துக்கிட்டு, எம்புருசனக் குடுங்க."