மென்னாவின் கைச்சூடு

மென்னாவின் கைகள் கோடையிலேயே சில்லென்றிருக்கும். பிப்ரவரி மாதத்தில் கேட்கவே வேண்டாம். குளிர் பட்டால் விரல் நுனிகள் வெளுத்து, பிறகு நீலம் பாரித்து, உணர்வு திரும்பும்போது ஊசி குத்துவதுபோல் வலிக்கும். ரத்தக் குழாய் சுருங்குகிற கோளாறுதான், உயிருக்கு ஆபத்தில்லை, கையுறை போட்டுக்கொள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள் கையுறையோடு எப்படி மாவு பிசைவாள் என்று அந்த மனுஷன் யோசிக்கவில்லை. ஆப்பிள் டார்ட்டுக்குப் பிசைகிற மாவுக்குக் குளிர்ந்த கைதான் நல்லது என்பது வேறு விஷயம். அவள் சுடுகிற டார்ட்டுக்கு அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பெயர் உண்டு.

மாவுக்கு ஆகிற கை ஜெபத்துக்கு ஆகவில்லை. அதுதான் சங்கடம்.

ஆற்றுக்கு மேலே சரிவில் நிற்கிற ஊர்ச் சபையின் கற்கோயிலில், மாதத்தின் முதல் ஞாயிறு மாலை சுகத்துக்கான ஆராதனை நடக்கும். பிரசங்கம் முடிந்ததும் முன்னால் இரண்டு நாற்காலிகளைப் போடுவார்கள். உடம்புக்கு முடியாதவர்கள் வந்து உட்கார்ந்து, எங்கே வலி என்று சொல்ல வேண்டும். ஜெபக்குழுவில் இருப்பவர்கள் இருவர் இருவராக வந்து அந்த இடத்தில் கைவைத்து ஜெபிப்பார்கள். தொடலாமா என்று கேட்காமல் யாரையும் தொடக் கூடாது. மருந்தை நிறுத்து என்று வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. இந்த இரண்டையும் பாஸ்டர் கெத்தின் மாதாமாதம் சொல்லுவார். அடிக்கடி கேட்டதாலேயே அது யார் காதிலும் ஏறாமல் போயிற்று.

கோயிலைச் சூடாக்கச் சுவரோரம் வெந்நீர்க் குழாய்கள் உண்டு. எண்ணெய் விற்கிற விலையில் பொருளாளர் கொதிகலனைத் தாமதமாகத்தான் போடுவார். கடைசிப் பாட்டு பாடும்போதுதான் குழாய் லேசாகச் சூடாகும். அதுவரை சபையார் கோட்டைக் கழற்றாமல் கர்த்தரைத் துதிப்பார்கள்.

மென்னாவுக்கு ஜெபத்தில் ஜோடி நெஸ்டா. பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதி. நெஸ்டாவின் கை, அடுப்பிலிருந்து இப்போதுதான் எடுத்த ரொட்டி மாதிரி எப்போதும் கதகதவென்றிருக்கும். அவள் தோளைத் தொட்டால் முதுகுத்தண்டு வரை சூடு இறங்கியது என்பார்கள். சூடு தெரிந்தால் கர்த்தர் தொட்டுவிட்டார் என்று அர்த்தம். அப்படி எந்த வசனத்திலும் இல்லை, ஆனால் ஊர் அப்படித்தான் நம்பியது. நெஸ்டாவும் அதை மறுத்துப் பேசியதில்லை.

ஒருமுறை ஓல்வென் கிழவியின் கழுத்துவலிக்கு மென்னா கைவைத்தாள். கிழவி நாற்காலியிலிருந்து ஒரு முழம் துள்ளினாள்.

"என்னம்மா இது, பிரேதம் தொட்ட மாதிரி இருக்கு" என்றாள், நடுக்கோயிலில், எல்லோரும் கேட்க.

எல்லோரும் சிரித்தார்கள். மென்னாவும் சிரித்தாள். வீட்டுக்குப் போய்த்தான் அழுதாள். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது கடந்துபோன பெண் அவள். மனிதர்களைத் தொடுவதற்கு அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் அந்த நாற்காலிதான். அங்கேயும் தன்னைக் கண்டு ஆட்கள் துள்ளினால் எங்கே போவது?

அடுத்த மாதம் சின்னதாக ஒரு ரப்பர் வெந்நீர்ப் பையை நிரப்பி, கோட்டுக்குள் மடியில் வைத்துக்கொண்டு போனாள். பிரசங்கம் முழுக்க இரண்டு கைகளும் அதன்மேல் கிடந்தன. யாரும் துள்ளவில்லை. அதற்கடுத்த மாதம் ஒருத்தி, "மென்னா, உன் கையிலயும் சூடு வந்திருச்சே" என்றாள். மென்னா இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மெல்ல மெல்ல அவளுடைய முறை எந்த மாதம் என்று ஆட்கள் விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

இந்த பிப்ரவரியில் பாண்ட்கிளாஸ் எல்ஃபெட் முன்னால் வந்தார். பாண்ட்கிளாஸ் என்பது மேட்டில் இருக்கிற அவருடைய பண்ணை. அங்கெல்லாம் பண்ணைப் பெயரைச் சேர்த்தால்தான் எந்த எல்ஃபெட் என்று தெரியும். எழுபதைத் தாண்டியவர், கடைசி பெஞ்சு ஆசாமி, ஆராதனை முடியுமுன்பே மாடுகளைச் சாக்குச் சொல்லி நழுவுகிறவர். அவர் எழுந்து நடந்து வந்ததைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தவர்களுக்கே சுருதி இறங்கியது.

"எங்கே வலி, எல்ஃபெட்?" என்று மென்னா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"குடல்ல கட்டி. வெள்ளிக்கிழமை அறுக்கணுங்கிறாங்க. இப்பவே எடுத்துட்டாப் பொழச்சுக்குவேனாம், விட்டாப் பரவிரும்னு சொல்றாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "எனிட் போன அதே ஆஸ்பத்திரி."

அவருடைய மனைவி எனிட் அங்கே ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அது ஊருக்கே தெரியும்.

"தொடலாமா?"

"அதுக்குத்தானே வந்து உக்காந்திருக்கேன்."

நெஸ்டா தோளில் கைவைத்தாள். மென்னா சட்டைக்கு மேலாக வயிற்றில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்தாள். எல்ஃபெட்டின் உடம்பு முதலில் கல்லாக இறுகியிருந்தது. பிறகு மெல்லத் தளர்ந்தது. அவர் குனிந்து, அவளுடைய கைகளைப் பார்த்தார். "சூடு" என்றார். அப்புறம் அந்த முரட்டு மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். மென்னா ஜெபத்தை நீட்டிக்கொண்டே போனாள், கையை எடுக்க மனமில்லாமல்.

செவ்வாய்க்கிழமை மதியம் பள்ளிச் சமையலறைக்குள் நெஸ்டா மூச்சிரைக்க வந்தாள்.

"அடியே, சேதி கேட்டியா? எல்ஃபெட் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஆபரேஷன் வேண்டாம்னுட்டாராம். அடுத்த ஞாயிறு, சுகமாயிட்டேன்னு சபை முன்னால நின்னு சாட்சி சொல்லப் போறாராம்."

மென்னா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "பாஸ்டர் என்ன சொன்னாரு?"

"மனுஷன் மேடேறிப் போய் மன்றாடிட்டு வந்தாரு. 'எனக்குச் சூடு தெரிஞ்சுது, உங்களுக்குத் தெரிஞ்சுதா?'ன்னு கேட்டாராம் எல்ஃபெட். அதுக்கு மேல என்ன பேச?" நெஸ்டா குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு, மென்னா. ஆனா உன் கையில வந்துச்சே, அதை நான் எப்படி இல்லைங்கறது?"

சொல்லாவிட்டால் ஒரு மனிதர் செத்துப்போவார். சொன்னால் அந்த நாற்காலிக்கு முன்னால் தனக்கு இனி இடமில்லை. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று மென்னாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். நேராக வீட்டுக்குப் போய் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, காரை மேட்டுக்கு விட்டாள்.

எல்ஃபெட் நல்ல குஷியில் இருந்தார். நாய் மேஜைக்கடியில் படுத்திருந்தது. கதவுக்குப் பின்னால் எனிட்டின் பச்சைக் கம்பளிச் சட்டை இன்னும் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்து நாற்காலி முதுகில் போட்டிருந்தார். காலரில் இஸ்திரி கருக்கிய தடம் இருந்தது.

"வா, மென்னா. உக்காரு. டீ போடறேன். எங்க, அந்தக் கையக் காட்டு பாப்போம்."

மென்னா உட்காரவில்லை. பையைத் திறந்து, வெளுத்துப்போன கம்பளி உறை மாட்டிய வெந்நீர்ப் பையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதுதான் அந்தச் சூடு" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். ஓல்வென் துள்ளியது, கோட்டுக்குள் வைத்துக்கொண்டது, பிரசங்கம் முழுக்கக் கையை அதன்மேல் வைத்திருந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். எல்ஃபெட் அந்தப் பையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். இப்போது அது சில்லென்று, தொளதொளவென்று கிடந்தது.

"அப்போ கர்த்தர் என்னைத் தொடல."

"அது எனக்குத் தெரியாது, எல்ஃபெட். தொட்டிருக்கலாம். ஆனா சூடு என் கெட்டில்ல கொதிச்ச தண்ணியோடது. அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

"பாஸ்டருக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

"எதுக்கு இந்த வேலை உனக்கு? நெஸ்டா மாதிரி உன் முன்னாலயும் வரிசை கட்டி நிக்கணும்னா?"

அது சுருக்கென்று தைத்தது. "முதல்ல அதுக்கில்ல. தொட்டா ஆளுங்க துள்ளக் கூடாதுன்னு நெனச்சேன், அவ்வளவுதான். அப்புறம்..." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்புறம் அதுவும் பிடிச்சுப்போச்சு."

எல்ஃபெட்டின் முகத்தில் இருந்த குஷி வடிந்து, பழைய பயம் திரும்பி வருவதை மென்னா நின்றபடி பார்த்தாள். அதைப் பார்ப்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. தான் கொடுத்த தைரியத்தைத் தானே வந்து பிடுங்கிக்கொண்டு போகிறாள்.

"மெஷின் வர்றதுக்கு முன்னால நான் கையாலதான் பால் கறந்தேன்" என்றார் கடைசியில். "இந்த மாதிரிக் குளிர்ல கையத் தேய்ச்சு, வாயால ஊதி, சூடு பண்ணிட்டுத்தான் மடியில கை வைப்பேன். தெனமும். ஒரு மாடாவது எழுந்து நின்னு சாட்சி சொல்லுச்சா?"

சிரிக்கலாமா என்று மென்னாவுக்குத் தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை.

"போயிட்டு வா. கறவை நேரமாச்சு."

"எல்ஃபெட், ஆஸ்பத்திரிக்கு ஒரு போன்..."

"கதவைச் சாத்திட்டுப் போ. குளிர் உள்ள வருது."

அன்று மாலையே அவள் பாஸ்டரிடம் சொன்னாள், பிறகு நெஸ்டாவிடம். நெஸ்டா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். கத்துவாள் என்று மென்னா எதிர்பார்த்தாள்.

"இத்தனை நாளா என் பக்கத்துல அதை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தியா?" என்றாள் நெஸ்டா. "என் கால் ரெண்டும் விறைச்சுக் கிடந்துச்சேடி. நீயெல்லாம் ஒரு சிநேகிதியா?" சொல்லிவிட்டு மென்னாவைக் கட்டிக்கொண்டாள்.

ஜெபக்குழுவிலிருந்து மென்னா தானாகவே விலகிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை எல்ஃபெட் கோயிலுக்கு வரவில்லை. சாட்சியும் இல்லை. ஊர் தனக்குத் தோன்றியதைப் பேசியது. மென்னா டார்ட்டுக்கு மாவு பிசைந்தாள், தட்டு கழுவினாள், மேட்டுப் பண்ணையின் விளக்கு எரிகிறதா என்று தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவள் செய்த ஜெபமெல்லாம் ஒரே வரிதான்: அவர் போகட்டும் ஆண்டவரே, என்னைத் திட்டிக்கொண்டாவது போகட்டும்.

மார்ச் பிறந்த பிறகு ஒருநாள் போன் மணி அடித்தது.

"உன் கார் ஓடுதா?"

"ஓடுது, எல்ஃபெட்."

"வெள்ளிக்கிழமை எடத்தை அவங்க வேற யாருக்கோ குடுத்துட்டாங்க. கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு நாள் வாங்கியிருக்கேன். புதன்கிழமை காலையில போகணும். அந்த ரப்பர் பையத் தூக்கிட்டு வராதே."

புதன்கிழமை புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளை பூத்திருந்தது. காரின் ஹீட்டர் வேலை செய்யவில்லை. வழி முழுக்க எல்ஃபெட், பக்கத்துப் பண்ணைக்காரன் தன் மாடுகளை எப்படியெல்லாம் கெடுக்கப் போகிறான் என்று புலம்பிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது.

திரைச்சீலை கட்டிய ஒரு மறைப்புக்குள், பின்னால் கயிறு கட்டுகிற அந்த அங்கியோடு அவரைப் படுக்கவைத்தார்கள். சட்டையும் பூட்ஸும் இல்லாமல் எல்ஃபெட் பாதியாகிவிட்டார்போல் இருந்தது. இப்போது கூப்பிடுவார்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

"எனிட்டை இந்த மாதிரி ஒரு எடத்துலதான் கடைசியாப் பாத்தேன்" என்றார். "அவ கோட்டை வாங்கிக்கிட்டு வெளிய போன்னாங்க, போயிட்டேன். அவளை ஒரு தடவ தொட்டிருக்கலாம். மாட்டைத் தொடத் தெரிஞ்ச எனக்கு அது தோணல."

மென்னா ஜெபிக்கட்டுமா என்று கேட்க நினைத்து, கைகளை நீட்டி, பாதியிலேயே இழுத்துக்கொண்டாள். விரல்கள் நகம்வரை நீலமாக இருந்தன. அவற்றைக் கோட்டுப் பாக்கெட்டுக்குள் திணித்தாள்.

எல்ஃபெட் அதைப் பார்த்தார். முழங்கையை ஊன்றி மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"தொடலாமா?" என்று கேட்டார்.

எத்தனையோ பேரிடம் மென்னா கேட்ட கேள்வி அது. அவளிடம் யாரும் கேட்டதில்லை. சரி என்று தலையை ஆட்டினாள்.

அவர் அவளுடைய இரண்டு கைகளையும் பாக்கெட்டிலிருந்து எடுத்து, தன் காய்த்துப்போன கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். குனிந்து வாயால் ஊதினார். மறுபடி தேய்த்தார், மறுபடி ஊதினார், அவசரமில்லாமல், கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை ஒன்றையும் விடாமல். அவருடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. போகப் போக அந்த நடுக்கம் குறைந்தது. விரல்களில் ரத்தம் திரும்பி ஊசி ஊசியாகக் குத்தியது. மென்னா கண்ணீரைத் துடைக்கவில்லை. துடைக்கக் கை அவளிடம் இல்லை.

வெளியே தள்ளுபடுக்கையின் சக்கரச் சத்தம் நெருங்கி வந்தது. எல்ஃபெட் அவளுடைய கை ஒன்றைத் தன் கன்னத்தில் வைத்துப் பதம் பார்த்தார். பிறகு சாய்ந்து படுத்து, இரண்டையும் எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார்.

"இப்ப ஜெபம் பண்ணு" என்றார்.